பொறுப்பாளர் கையொப்பம்

வியாழன் இரவு, ஜுஃபைர்.
கப்பற்படைத் தளத்து மூட்டைகளை எண்ணி முடித்தாயிற்று.
நூற்றுப் பதினாறு சட்டை, அதே அளவு கால்சட்டை,
பைகளில் கிடந்த பபிள்கம் இரண்டு,
பல்வலி மாத்திரை ஒன்று.

கிளாரட் அடிகள் அனுப்பிய மடல்
கைப்பேசியில் காத்திருக்கிறது.
உரோமையிலிருந்து வந்தது.
நாளைத் தமிழ்த் திருப்பலியில் வாசிக்க வேண்டும்.
"எளிசா எழுதுப்பா லியோனிஸ்,
எல்லாரும் ராத்திரி ஷிப்ட் முடிச்சு வாறவங்க."

வீணான ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
முதல் பத்தி சிரமமில்லை.
போர் நிற்கட்டும் என்கிறார் திருத்தந்தை,
வென்றவன் தெருவிலும்
சவப்பெட்டித் தச்சனுக்கு வேலை ஓயவில்லை என்கிறார்.
தச்சன் மட்டும் என் சேர்க்கை.

இரண்டாம் பத்தி நாடாள்வோருக்கு.
கட்டளையிடுகிறேன் என்று எங்கும் இல்லை.
மன்றாடுகிறேன் என்று மூன்று இடத்தில் இருக்கிறது.
காணாமற்போன சாவிக்கும் வராத சம்பளத்துக்கும்
நாங்கள் அந்தோணியாரிடம் பேசுகிற சொல்லில்
அவர் அமைச்சர்களிடம் பேசுகிறார்.

"அந்த நாற்காலியே ஒரு காலத்தில் படை அனுப்பியதே,
பள்ளியில் படித்தேன்"
என்றான் தில்பர் ஷா, காலரைத் தேய்த்தபடி.
அனுப்பியது. இல்லையென்று சொல்லமாட்டேன்.
இஸ்திரிப்பெட்டியின் சூடு
சுட்டுக்கொண்ட விரலுக்குத்தான் தெரியும் என்றேன்.
அவன் தன் விரல்களை விரித்துப் பார்த்தான்,
பத்திலும் தழும்பு.
"அப்படியானால் நானே போப்பாகலாம்."

பிறகு அந்தச் சொல் வந்தது.
பொறுப்பு.
பொறு என்பதில் பிறந்தது.
பாரம் பொறுப்பது, பிழை பொறுப்பது, பசி பொறுப்பது.
ஆனால் பொறுப்பில் இருப்பவர் ஒருவர்,
பொறுத்துக்கொண்டிருப்பவர் வேறொருவர்.
ஒரு வேரில் முளைத்த இரண்டும்
எந்த ஆண்டு பாகம் பிரித்துக்கொண்டன?
உரோமைக்காரருக்கு இந்தத் தகராறு தெரியாது.
தெரிந்ததுபோலத்தான் எழுதியிருக்கிறார்:
ஆள்கிறவர்கள் முதலில் சுமக்கட்டும்,
பேச்சுவார்த்தை மேசையை விட்டு
முதலில் எழுந்திருக்காமல் இருக்கட்டும்.

என் தங்கையைக் கட்டிய கஸ்பார்
கீஷ் தீவுப் பக்கம் வலை இழுக்கிறான்,
அந்தக் கரை முதலாளியின் படகில்.
இந்தக் கரைச் சீருடைக்கு மடிப்பு வைக்கிறவன் நான்.
ஐந்து நாளாக அவனிடமிருந்து அழைப்பில்லை.
தங்கை என்னிடம் கேட்கிறாள்,
நான் அவளிடம் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை, மனாமா ஆலயம்.
வியாகுலமேரி அரைநாள் விடுப்பு வாங்கி வந்து
முன்வரிசையில் தூங்கிவழிகிறாள்.
இரண்டாம் பத்தியை எட்டியிருப்பேன்,
முந்நூறு கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின.
அரபியில் முதலில், பிறகு ஆங்கிலத்தில்:
ஜன்னல்களை விட்டு விலகுங்கள்.
யாரும் ஓடவில்லை. ஓட எந்தப் பக்கம்?
பிள்ளைகளைப் பெஞ்சுக்கடியில் தள்ளினார்கள்.
வியாகுலமேரி விழித்ததும் செருப்பைத் தேடினாள்.
மேலே, வெகு தூரத்தில்,
யாரோ கோபமாகக் கதவைச் சாத்தியதுபோல இருமுறை.

அடிகள் எனக்குத் தலையசைத்தார்.
விட்ட இடம் தெரியவில்லை.
பத்தியின் தொடக்கத்துக்கே போனேன்:
நாடாள்வோரே, இது உங்கள் பொறுப்பு.
"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"
என்றார்கள் பின்வரிசையில்.
மன்றாட்டு நேரம் இன்னும் வரவில்லை,
இது மடல்.
திருத்த யாருக்கும் வாய் வரவில்லை.
அடுத்த வரிக்கும் அப்படியே சொன்னார்கள்,
இந்த முறை எல்லாரும்.

தாளைத் திருப்பினேன்.
அவசரத்தில் முன்பக்கம் மேலே வந்துவிட்டது.
சட்டை 116, கால்சட்டை 116, கஞ்சி மிதம்.
கீழே அச்சடித்த கட்டம்:
பொறுப்பாளர் கையொப்பம்.
அதற்குள் நீல மையில்,
நீராவி பட்டு ஓரம் கலைந்து,
என் பெயர்.