வேலம்பட்டை

உயிரோடு இருந்தவரை வெள்ளாடு
வேலங்காயைக் கொறித்தது.
இப்போது அதன் தோலை
வேலம்பட்டை ஊறலில் போட்டுப்
புரட்டிக்கொண்டிருக்கிறோம்.
பேரணாம்பட்டில் இதற்கு
வாரக் கூலி உண்டு.

இடது கடைவாய்ப் பல்
புதன் ராத்திரி ஆரம்பித்தது.
காதுக்குள் யாரோ உட்கார்ந்து
ஆணியைத் தீட்டுகிறாற்போல.

"இன்னாபா, கன்னம் கொய்யாவாட்டம் கீது?"
மூட்டை பிரித்துக்கொண்டிருந்த தஸ்தகீர்
ஒரு சில்லுப் பட்டையை ஒடித்துத் தந்தான்.
கடித்தேன்.
நாக்கு சுருங்கிற்று, உதடு சுருங்கிற்று.
வலி மட்டும்
காலை நீட்டிப் படுத்திருந்தது.

கொய்யாக் கொழுந்தை மெல்லு என்றாள்
தரை கூட்டுகிற சின்னபாப்பா.
மேஸ்திரி கிராம்பு எண்ணெய் கொண்டுவந்தார்,
பஞ்சில் தொடாமல் அப்படியே ஊற்றினேன்.
பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர்
கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு
வாய்க்குள் புகை விட்டார்.
கிண்ணத்துத் தண்ணீரில் மிதந்ததைக் காட்டி
"பார், புழு" என்றார்.
வெடித்த விதையின் முளை மாதிரி இருந்தது.
ஐம்பது ரூபாய் கொடுத்தாயிற்று,
புழுதான்.

குடியாத்தம் தாண்டி வேலூர் போய்ச் சேர்வதற்குள்
ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும்
என் பல்லைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

டாக்டர் ஹெப்சிபா விளக்கைத் தாழ்த்தி
"என்னென்ன வச்சீங்க?" என்றார்.
சொன்னேன். சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.
"எண்ணெய் ஊத்தின இடம் வெந்திருக்கு.
மத்தபடி ஈறு கெட்டிதான்.
பல்லுதான் போச்சு."

ஆலும் வேலும் என்று சொல்லிவைத்தவர்
பல்லுக்கு நடுவில் ஓட்டை விழுந்தால்
எந்த மரம் என்று
சொல்லாமலே போய்விட்டார்.

பிடுங்கிய நாலாம் நாள்
குழி காய்ந்து மறுபடி வலி. மறுபடி வேலூர்.
இம்முறை டாக்டர் குழிக்குள் வைத்த திரி
கிராம்பு வாசனை அடித்தது.
ஓரக்கண்ணால் பார்த்தேன்:
லேபிள் ஒட்டிய பழுப்புப் புட்டி.
நம்ம ஆள்தான்.
சட்டை மாட்டிக்கொண்டு
உத்தியோகத்தில் இருக்கிறார்.

திங்கட்கிழமை
என் குழியை நாக்கால் தடவிக்கொண்டே
தோல் குழியில் இறங்கினேன்.
பட்டைச் சாறு முழங்கால்வரை.
தோலெல்லாம் நல்ல பதம்.
ஆடுகள்
பல்லைக் கசாப்புக் கடையிலேயே
விட்டுவிட்டு வந்திருந்தன.