பதிவுத் தபால்

ஒன்பது வருடமாகத் தபால் பிரிக்கிறேன்.
கொழும்பு பதின்மூன்று என் பொறுப்பு.
பாதி இலக்கம், தேய்ந்த மை,
"கோயிலுக்குப் பின்னால், பச்சை கேற்" என்று மட்டும்
எழுதிய உறை,
எல்லாவற்றுக்கும் ஒரு வாசல் கண்டுபிடித்துவிடுவேன்.
எனக்குத்தான்
அரசாங்கத்தின் கண்ணில் வாசல் இல்லை.

அறை இருந்தது.
ஜம்பட்டா வீதி, மேல்மாடி, பின்பக்கம்.
வாடகை முதலாம் திகதி. பிந்தினால்
மிஸிஸ் கந்தப்பா படியில் செருப்பை உரசி நடப்பார்.

வாக்காளர் படிவம் வரும் வருடமெல்லாம்
தன் பெயர், மூத்த மகன் பெயர்,
கனடாவில் இருக்கும் இளையவன் பெயர்.
அவன் போய்ப் பதினாறு வருடம்.
அவன் அறையில் நான் தூங்குகிறேன்.
அவன் வாக்காளர்.
நான் வாடகை.

கேட்டேன்.
"பேர் விழுந்தா நாளைக்கு வீடு கேப்பீங்க."
கோபமில்லை,
சோறு வெந்ததா என்று பார்க்கும் குரல்.

இரவு வேலை முடித்து, தூங்காமல்,
கிராம உத்தியோகத்தரின் வரிசையில் நின்றேன்.
நிலூகாவுக்குத் தமிழ் பாதி,
எனக்குச் சிங்களம் முக்கால்.
"யாருடைய வீடு என்று நாங்க கேக்கல்ல, மிஸ்.
யார் இருக்கிறது என்றுதான் கேக்கிறோம்."
அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன்.
சிரித்தார். எழுதவில்லை.

நானே எழுதினேன்:
இவ்வீட்டில் எனக்கு எந்த உரித்தும் இல்லை,
இனிமேல் கோரவும் மாட்டேன்.
மிஸிஸ் கந்தப்பா இரண்டு தரம் வாசித்து
மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்.
பிறகு படிவத்தின் கடைசி வரியில் என்னை ஏற்றினார்.
உறவுமுறை என்ற கட்டத்தில் பேனை நின்றது,
கொஞ்ச நேரம்.
"இல்லை" என்று எழுதினார்.

இடாப்பு ஒட்டிய அன்று போய்ப் பார்த்தேன்.
கனடாக்காரனுக்கு அடியில் நான்.
யோகநாயகியில் ஒரு கால் விழுந்து
யோகநயகி.
விட்டுவிட்டேன்.
பிழையோடு வந்த எதையும்
நான் திருப்பி அனுப்பியதில்லை.

தேர்தல் நாளில் நாங்கள் கடமையில்,
ஆகவே எங்களுக்குத் தபால் வாக்கு.
எழுதுபொருள் களஞ்சியத்தில்
பசை டின்களுக்கும் பழைய முத்திரைக் கட்டைகளுக்கும் நடுவே
ஓர் அட்டைப்பெட்டி மறைப்பு.
முழங்கையில் வைத்தால் விரல்நுனி தாண்டும் சீட்டு.
பூட்டு, மூக்குக்கண்ணாடி, அன்னாசி, இன்னும் என்னவெல்லாமோ.
ஒன்றின் எதிரே புள்ளடி இட்டேன்.
புள் என்றால் பறவை.
ஈரமணலில் ஒரு கணம் நின்று
போய்விட்ட ஏதோ ஒன்றின் கால்.
எதன் எதிரே என்று ரிஸ்மியா கேட்டாள்.
அவளுக்கும் சொல்லவில்லை.

சின்ன உறைக்குள் சீட்டு,
பெரிய உறைக்குள் சின்ன உறை.
போன கிழமை என் லீவை வெட்டிய விஜேகோன் ஐயா
அடையாள அட்டையையும் என் முகத்தையும்
முதல் தடவையாக ஒப்பிட்டுப் பார்த்து
அத்தாட்சிப்படுத்தினார்.

மறுநாள் இரவு மேசைக்கு வந்தன,
தெரிவத்தாட்சி அலுவலருக்கு விலாசமிட்ட உறைகள்,
நூற்றுக்கணக்கில், ஒரே நிறத்தில்.
நடுவில் ஒன்று:
மூலையில் பசை கூடி வழிந்து
என் பெருவிரல் ரேகையோடு காய்ந்திருந்தது.
ஒரு கடிதத்துக்கு எங்களுக்கு இரண்டு நொடி.
நான் ஐந்து எடுத்தேன்.
பிறகு மற்றவற்றோடு போட்டு
நூலை இறுக்கினேன்.

விடிய வீடு திரும்பினால்
மிஸிஸ் கந்தப்பா படியில்.
"போட்டாச்சா?"
"போட்டாச்சு."
"என்ட மகனுக்கும் சேத்து ஒன்னு போட்டிருந்தா என்ன?"
பகிடியா என்று தெரியவில்லை.
முதலாம் திகதி.
காசை எண்ணிக் கையில் கொடுத்தேன்.
அவரும் ஒருதரம் எண்ணினார்.