பின்கண்ணாடி

மட்டோசின்யுஷ் துறைமுகத்துக்குப் பின்னால்,
மத்தி மீன் சுடும் புகைத் தெருவில் என் சலூன்.
இரண்டு நாற்காலி. ஒன்றின் நெம்புகோல் கெட்டு
தாழ்ந்தே கிடக்கிறது.
பெல்மீரு உட்காருவது அதில்தான்.
முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர்,
இனி உயரம் வேண்டாம் என்பார்.

தங்கை மகன் அதெரித்து அழைத்து வருவான்.
மாமாவின் பணப்பையை அவனே திறப்பான்.
"சாப்பிட்டீங்களா?" என்று நான் பெல்மீருவைக் கேட்டால்
"அவருக்கு வயிறு சரியில்லை" என்பான் அவன்.

டிசம்பரில் கழுத்துத் துணியைக் கட்டும்போது
முடிச்சு ஒரு விரல்கடை உள்ளே போனது.
ஜனவரியில் இன்னொன்று.
நான் கால்பந்து பேசினேன்.
அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்:
என் கை கண்டுபிடித்ததை
என் வாய் கால்பந்தாக்கியது.

பிப்ரவரியில், இடது காதுக்குப் பின்னால்
சீப்பு நின்றது.
அத்திப்பழத் தோல் நிறம், ஓரத்தில் மஞ்சள்.
பழசின்மேல் புதுசு.
"விழுந்துட்டேன்" என்றார், நான் கேட்குமுன்பே.
விழுகிறவன் முழங்கையில் விழுவான்,
இடுப்பில் விழுவான், நெற்றியில் விழுவான்.
காதின் பின்பள்ளத்தில் விழுந்தவனை
நாற்பது வருடத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

அதெரித்து வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான்.
ஹேர் டிரையரை முழு வேகத்தில் வைத்தேன்.
காயவைக்க அங்கே முடி ஏது?
அந்த இரைச்சலுக்குள் குனிந்து கேட்டேன்:
வீட்டில் பயமா?
கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு வாசலை.
பிறகு மடியில் விழுந்திருந்த வெள்ளை முடியை.
"அவனுக்கு வேலை போச்சு. நல்ல பையன்தான்."

வழக்கம்போலக் கைக்கண்ணாடியைத் தூக்கிப்
பின்னந்தலையைக் காட்டினேன்.
வழக்கம்போலத் தலையாட்டப் போனவர்
பாதியில் நின்றார்.
தன் பின்னால் நடந்ததை ஒருவர் பார்க்க
இரண்டு கண்ணாடி வேண்டும்.
ஒன்றை வேறொருவர் பிடிக்க வேண்டும்.

மார்ச்சில் வரவில்லை.
போன் செய்தால் "தூங்குறார்."
மறுநாளும் தூங்கினார். ஞாயிற்றுக்கிழமையும் தூங்கினார்.
கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
மூன்றாம் மாடி. சங்கிலி விட்ட அளவுக்குக் கதவு திறந்தது.
"வீடு தேடி வந்து வெட்டுற அளவுக்குக் கடையில ஆளில்லையா?"
அவன் தோளுக்குப் பின்னால் ஓர் அறை.
உள்ளே இருக்கவேண்டிய தாழ்ப்பாள்
வெளியே இருந்தது.

படியிறங்கும்போது கால் நடுங்கியது.
குடும்ப விஷயம் என்பார்கள்.
வாடிக்கை போகும்.
நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம்.
இருக்கலாம், இருக்கலாம் என்றபடியே
சுகாதார நிலையம்வரை நடந்துவிட்டேன்.

சமூகப் பணியாளர் லியோனில்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
தேதி கேட்டாள். நிறம் கேட்டாள். எந்தக் காது?
தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?
அங்கே மட்டும் அவள் பேனா ஒரு கணம் நின்றது.
என் தீர்ப்பை அவள் கேட்கவில்லை,
பார்த்ததைத்தான் கேட்டாள்.
அன்று மாலையே போனார்கள்.

மே மாதம் தனியாக வந்தார், ஊன்றுகோலுடன்.
பணப்பை அவர் சட்டைப்பையில்.
துணியைக் கட்டினேன். முடிச்சு கொஞ்சம் வெளியே வந்திருந்தது.
பாதி வெட்டில் சொன்னார்:
"அவனுக்கு சைக்கிள் பழக்கினது நான்தான்."
வெகுநேரம் கழித்து,
"இப்ப வீட்டுல சத்தமே இல்ல. எல்லாம் உன்னாலதான்."
நன்றியா வசவா என்று
நான் கேட்கவில்லை. காதோரம் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும்
கைக்கண்ணாடியை எடுக்கலாமா என்று தயங்கினேன்.
அவர் துணிக்கடியிலிருந்து வலது கையை எடுத்து
ஆள்காட்டி விரலை மேலே நீட்டி
சின்ன வட்டமாகச் சுழற்றினார்.
துறைமுகத்தில் கீழே நிற்பவன்
உச்சியில் இருப்பவனுக்குக் காட்டும் சைகை,
முப்பத்தொரு வருடம் அவர் பார்த்த சைகை:

தூக்கு.