சொல்லுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு

காரைக்குடி செக்காலை ரோட்டில்
நகைக்கடன் கடைக்கு மேல்மாடி.
பக்கத்து நாட்டுக்குப் போகும் கடனைத்
தமிழில் ஏற்றி அனுப்புவது என் வேலை.
சொல்லுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு.

அதனால் நான் எதையும் சேர்த்து எழுதுவதில்லை.
‘கடன் நிலைத் தன்மை’
பிரித்துப் போட்டால் மூன்று ரூபாய் முப்பது.
இலக்கணம் மன்னிக்கட்டும்,
எனக்கும் தவணை இருக்கிறது.

அறுபத்திரண்டு பக்கம்.
வாஷிங்டனில் யாரோ எழுதிய
கோபமே இல்லாத வாக்கியங்கள்.
‘எரிபொருள் விலை செலவை ஈடுகட்டும்.’
‘மின்கட்டணம் காலாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும்.’
‘அடுத்த தவணை இவற்றைப் பொறுத்தது.’
யார் திருத்துவது, யார் கட்டுவது என்று
செயப்பாட்டு வினை சொல்லாது.

அந்தப் பக்கம், மன்னாரில்,
என் தமிழைச் சரிபார்ப்பவள் ஜெனிற்றா குரூஸ்.
முகம் பார்த்ததில்லை.
பக்க ஓரத்து மஞ்சள் கட்டத்துக்குள் வருவாள்.
‘வாரியம் இல்லை அக்கா, சபை.’
‘பெட்ரோல் இல்லை, பெற்றோல்.’
‘இப்பிடி ஆர் கதைக்கிறது?’

‘சமூகப் பாதுகாப்பு வலை’ என்று எழுதியிருந்தேன்.
‘நாங்கள் கடல்காரர் அக்கா.
வலை எண்டால் பிடிக்கிறது.
தாங்கிறதுக்கு வேற சொல்லு இருக்கோ?’
எங்கள் ஊரில் கடல் இல்லை.
இரண்டு நாள் தேடினேன்.
வலையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

‘சீர்திருத்தம்’ நூற்றுப் பதினேழு இடத்தில் வருகிறது.
இங்கே சீர் என்றால்
ஹால் நிறையப் பரப்பிய எவர்சில்வர்,
பட்டியலும் கையுமாக எண்ணிப் பார்க்கிற சம்பந்தி.
கொடுத்தவர் பெயர் பாத்திரத்தில் வெட்டியிருக்கும்,
துலக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.
இதை அவளுக்கு எழுதவில்லை.

‘இருப்பு நிலைக் குறிப்பு’
என்ற என் மூன்று சொல்லையும் அடித்துவிட்டு
ஒன்று போட்டாள்: ‘ஐந்தொகை’.
இரண்டு ரூபாய் இருபது காசு போயிற்று.
சண்டைக்கு விரல் எடுத்த நேரம்
கீழே கணக்கு அடைக்கும் வயிரவன்
பையனை அதட்டுகிறார்:
‘ஐந்தொகை எடுத்தாச்சாடா?’

எந்தக் கப்பலில் ஏறி
எவனுடைய வட்டிச் சிட்டையோடு அங்கே இறங்கியதோ.
ஒரு காலத்தில் இங்கிருந்து போய்க் கடன் கொடுத்தார்கள்.
அப்போதும் நிபந்தனை இருந்தது,
மொழிபெயர்ப்புதான் தேவைப்படவில்லை.
‘சரி’ என்பதை அழுத்தினேன்.

ஒரு நள்ளிரவில் கேட்டேன்,
இதனால் அங்கே ஏதாவது நல்லது உண்டா என்று.
நெடுநேரம் மூன்று புள்ளிகள் துள்ளின.
‘அப்பா காஸ் வரிசையில ரெண்டு இரவு நிண்டவர்.
இப்ப வரிசை இல்லை. அது உண்மை.
முந்திக் கரண்ட் போகும்.
இப்ப போறேல்லை.
நாங்கள்தான் நிப்பாட்டி வைக்கிறம்.’

பிறகு வந்த பக்கங்களில்
நிலைத்தன்மையை மட்டும்
சேர்த்தே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, தவணைக்கு ஒப்புதல் என்று செய்தி.
எனக்கு வர வேண்டிய பதின்மூவாயிரத்துச் சொச்சம்
அடுத்த வாரம் வந்தது.
படியிறங்கி வட்டியைக் கட்டினேன்.
இன்னும் மூன்று மாதத்துக்கு
ஏலப் பட்டியலில் என் வளையல் இல்லை.
ரசீதில் முத்திரை குத்திய வயிரவன்
புது நிபந்தனைத் தாள் ஒன்றை நீட்டி
‘படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க’ என்றார்.

படிக்கவில்லை.
பழக்க தோஷம்,
எத்தனை சொல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.