முப்பது எழுத்துக்குள்

பயிரின் நிலையை விவரிக்கவும்,
முப்பது எழுத்துக்குள், ஆங்கிலத்தில் மட்டும்
என்கிறது பெட்டி.
குடவாசல் இ-சேவை மையம்.
டோக்கன் நாற்பத்தொன்று, உத்திராபதி,
முழங்கால்வரை சேறு காய்ந்த காலோடு
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்.

"எழுதிக்கம்மா.
அறுப்புக்கு நாலே நாள் இருந்த,
தை மழையில சாஞ்ச,
சாஞ்ச எடத்துலயே முளைச்ச,
மாடுகூட மோந்து பாத்துட்டு விட்ட
சம்பா."

நாலு எச்சம், கடைசியில் ஒரு பெயர்.
தமிழுக்கு ஒரே மூச்சு.
ஆங்கிலத்தில் இத்தனை பேர் முன்னால் நிற்க முடியாது.
அங்கே வரிசை உண்டு:
முதலில் நம் அபிப்பிராயம், அப்புறம் அளவு,
வயது, நிறம், எந்த ஊர்,
எதனால் ஆனது.
டோக்கன் கொடுக்காமலே இடம் மாறாது நிற்கும்.
ஒரு மூட்டை வெட் என்றாலும் வெட்,
நூறு மூட்டை என்றாலும் அதே வெட்;
பெயர்தான் பன்மையாகும், அடைமொழி அசையாது.
ஆங்கிலம் இரண்டாம் தாளை
மூன்றாம் தடவை தாண்டியவள் நான்.
அன்றைக்கு இது மனப்பாடம்.

நம் பக்கம் அடைமொழி வெளியில் நிற்பதில்லை.
வெண்மை இறங்கினால் வெண்ணாறு,
புதுமை இறங்கினால் புத்தாறு,
மை கரைந்துவிடும்.
போன வாரம் வரப்பு கரைந்த மாதிரி,
எது யார் வயல் என்று பிரிக்க முடியாமல்.
அங்கே ஒயிட் தனி, ரிவர் தனி,
நடுவே ஒரு வெற்றிடம்.
அந்த வெற்றிடத்தையும்
ஓர் எழுத்தாகக் கணக்கில் எடுக்கிறது பெட்டி.

"தையல்நாயகி வயலவிட எனக்கு மோசம்னு போடு."
பின்னால் டோக்கன் நாற்பத்திரண்டு
தையல்நாயகிதான்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
பட்டா நகலை விசிறியாக்கிக்கொண்டிருக்கிறார்.

நமக்கு இருப்பது ஒரு விட.
போன வருஷத்தைவிட. அண்ணன் பங்கைவிட.
மேட்டூரில் தண்ணீர் விட
ஆனி முழுக்கக் காத்திருந்தோமே,
எழுத்து அதேதான், அது வேறு விட.
அவர்களுக்குச் சொல்லின் வாலிலேயே ஏணி:
வெட், வெட்டர், வெட்டெஸ்ட்.
கெட்டது மட்டும் அந்த ஏணியில் ஏறுவதில்லை.
பேட் என்று கிளம்பி
வர்ஸ் என்று வேறு ஆளாகி
வர்ஸ்ட் என்று போய்ச் சேர்கிறது.
கெட்டுப்போனது பழைய முகத்தோடு திரும்பாது என்பது
அந்த மொழியில் யாருக்கோ தெரிந்திருக்கிறது.

மூழ்குகிறதா, மூழ்கியதா?
ஐஎன்ஜி போட்டால் இன்னும் நடக்கிறது,
ஈடி போட்டால் முடிந்த கதை.
ஆய்வாளர் வருவது புதன்கிழமை.
அதற்குள் தண்ணீர் வடிந்து
ஈடியும் காய்ந்துபோகும்.

அடித்துப் பார்த்தேன்.
அபிப்பிராயம் முதலில் வர வேண்டும், எனவே டெரிபிள்.
பக்கத்தில் சிவப்புப் புள்ளி:
மூன்று எழுத்து கூடுதல்.
டெரிபிளை எடுத்தேன்.
அதுதான் அவர் சொன்னதில் பாதி.

உத்திராபதி மடியை அவிழ்த்து
தடுப்பின் ஓட்டை வழியாக
இரண்டு மணி நெல்லைத் தள்ளினார்.
நகத்தளவு முளை, ஈரம் காயவில்லை.
"இத என்னன்னு சொல்லுவ?"

சொல்லவில்லை.
ஆதார் அட்டை வைக்கும் ஸ்கேனர் கண்ணாடியில்
அவற்றை வைத்து மூடினேன்.
பச்சை வெளிச்சம் மெதுவாக நகர்ந்து போனது.
திரையில் முளை விரல் பருமன்,
உமி கிழிந்த இடம்வரை துல்லியம்.

இணைப்புக்குப் பெயர் கேட்டது.
பேடி என்றேன்.
அந்தப் பெயரில் ஏற்கெனவே நாற்பது உள்ளன என்றது,
முன்னாலோ பின்னாலோ
ஏதாவது சேர்க்கச் சொன்னது.

சர்வர் சுற்றிக்கொண்டிருக்கிறது.
தையல்நாயகியும் மடியை அவிழ்க்கிறார்.