முன்பின் மூன்று மில்லியன்

தமிழில் இரண்டும் ஈயம்தான்.
வெள்ளீயம், காரீயம்.
பீடோரில் யாரும் அப்படி இழுத்துச் சொல்வதில்லை.
ஈயம் என்றால் லம்பத்து ஈயம்.
மற்றது மீன்வலையில் தொங்கும் குண்டு.

நான் தேடி வந்தது
ஒன்றுக்குள் இருக்கும் மற்றதை.

செம்பனைத் தோட்டத்தின் பின்பக்க ஓடையில்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
டூலாங் சுற்றிக்கொண்டிருந்தாள் செங்கமலம்.
வாரமெல்லாம் உதிரிப்பழம் பொறுக்குபவள்,
சனிக்கிழமை இது.
தட்டு சாய, மணல் வழிய,
அடியில் நகக்கீற்றுப் போலக் கறுப்பு மிஞ்சியது.
மைலோ டின்னில் தட்டிக் கொடுத்துவிட்டு
கிலோ என்ன விலைக்கு எடுக்கிறீங்க என்றாள்.
விலைக்கு இல்லை, வயது பார்க்க என்றேன்.
"கல்லுக்கா?"

மலைக்கடியில் பாறைக்குழம்பு ஆறிய காலத்தில்
உறைந்த மணிகள் இவை.
உறையும்போது துளி யுரேனியத்தை உள்ளே விட்டு
காரீயத்தைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்தி
கதவைச் சாத்திக்கொண்டவை.
உள்ளே யுரேனியம் உடைந்து உடைந்து
காரீயமாகிறது,
வெள்ளைக்காரன் வந்ததும்
ஈயக்கப்பல் ஓய்ந்ததும் தெரியாமல்.
எவ்வளவு மாறியது, எவ்வளவு மீதி என்று எண்ணினால்
கதவு சாத்திய காலம் கிடைக்கும்.
நடுவில் யாரும் திறந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.
கசிந்த கல் வாய்க்கு வந்த வயதைச் சொல்லும்.

கோலாலம்பூரில், குளிரூட்டிய அறையில்,
தலைமுடி அகலத்துக்கு லேசர் குழிகள்.
முப்பத்தெட்டில் ஆறை விலக்கினேன், விரிசல்.
மற்றவை ஒரே கோட்டில் நின்று சொல்லின:
இருநூற்றுப் பதினான்கு மில்லியன் ஆண்டு,
முன்பின் மூன்று மில்லியன்.
பேராசிரியர் கைகுலுக்கி, துல்லியம் என்றார்.
அந்த முன்பின்னுக்குள்
கல்லைக் கல்லால் தட்டிய கைகளிலிருந்து
இன்று காலை ரொட்டி சானாய் வீசிய கை வரை
எல்லாம் அடங்கிவிடும்.

சொல்லப் போனேன்.
அவள் பதிவு இலாகாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள்.
பிளாஸ்டிக் உறையில் சிவப்பு அடையாள அட்டை,
நான்காம் முறையாகத் திரும்பிய விண்ணப்பம்.
தடுப்பூசி அட்டையில் மார்ச்.
பள்ளிக்கூடத்து ஏட்டில் ஜூன்.
மருத்துவச்சி செத்துப்போனாள்.
கிராணி எழுதிய பேரேடு
தோட்டம் கைமாறியபோது ஆபீசோடு இடிபட்டது.
ஐந்து லயத்தில் மாறிமாறிக் குடியிருந்ததில்
அம்மாவின் பெட்டியும் எங்கோ தங்கிவிட்டது.
முகப்பில் இருந்த பெண் கனிவாகத்தான் சொன்னாளாம்:
சரியான தேதி வேண்டும்,
இல்லையென்றால் ரெண்டு சாட்சி,
பிறந்தபோது கூட இருந்தவர்கள்.

என் எண்ணை நானாகச் சொல்லவில்லை.
கேட்டாள், சொன்னேன். முன்பின்னையும்.
"மூணு மில்லியன் தள்ளிப்போனாலும் ஒத்துக்கிறாங்களா?
கல்லு குடுத்து வச்சது."

விழுந்த கடைவாய்ப் பல் ஒன்றை
காகிதத்தில் சுருட்டி வைத்திருக்கிறாளாம்.
அதை அந்த மிஷினில் வைத்தால்?
வேலைக்காகாது என்றேன்.
இந்தக் கடிகாரத்துக்கு நாம் ஒரு நொடிகூட இல்லை.
நாற்பத்தாறு வருடத்தில்
நூறு கோடி யுரேனிய அணுவில்
ஏழுதான் உடைந்திருக்கும்.

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தாள்.
"ஏழு பேரா?
ரெண்டு பேரு வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்.
மீதி அஞ்சு பேரு வேலைக்குப் போகட்டும்."

செம்பனைக் குலை ஏற்றிய லோரி போன பின்
மேசைமேல் கிளாஸ்கள் நடுங்கி அடங்கின.

அன்றிரவு மாதிரிப் படிவத்தை நிரப்பினேன்.
சேகரித்த இடம், ஆழம், பாறை வகை.
சேகரித்தவர்: செங்கமலம்.
தேதி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
எந்தச் சனிக்கிழமை? குறித்து வைக்கவில்லை.
முன்பின் ஒரு வாரம் என்று எழுதினேன்.
யாரும் திருப்பி அனுப்பவில்லை.