புரி

எங்கள் கட்டட லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
நாயிடம் காசில்லை.
ஆறு மாடியும் நடந்தே வந்தாள் முதல் நாள்,
திபிலிசி நகராட்சி காதில் குத்திய
மஞ்சள் வில்லையோடு.
லா பாஸிலிருந்து அப்போதுதான் திரும்பி
சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
கதவு திறந்ததும் எனக்கு முன்னால் உள்ளே போனாள்,
வாடகை ஒப்பந்தம் தன் பெயரில் இருப்பதுபோல.

புர்யா என்று பெயர் வைத்தேன்.
நான் பிறந்த ஊரில்
குளிர்காலத்தில் கூரை ஓட்டைப் பெயர்க்கும் காற்று அது.

மலைக்கும் மலைக்கும் நடுவே
ஆட்களைத் தூக்கிப் போகும் ரோப் கார்களின்
எஃகு வடங்களைச் சோதிப்பது என் தொழில்.
எத்தனை புரி, ஒவ்வொன்றிலும் எத்தனை இழை அறுந்தது,
இன்னும் எத்தனை நாள் தாங்கும்.
மாதத்தில் பதினெட்டு நாள் வேறு வேறு மலை.
அங்காரா, இன்ஸ்ப்ரூக்,
அல்மாட்டியில் மேகத்துக்குள் நின்றுபோன ஒன்று.

அவளையும் கூட்டிப்போகப் பார்த்தேன், பொய்யில்லை.
ஊசி போட்டு, தோலுக்கடியில் சிப் வைத்து,
ரத்தத்தை வேறு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.
மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.
மூன்று மாதம் ஒரே இடத்தில் இருக்க
அவளால் முடியும்.

கட்டடத்தின் அடியில் ரொட்டிக்கடை.
இரவு இரண்டு மணிக்குத் தீ மூட்டுவார் கோச்சா.
கிணறு மாதிரி அடுப்பின் சுவரில் மாவை அறைய
இடுப்புவரை உள்ளே குனிவார்,
ஒரு கால் தரையைவிட்டு எழும்பும்.
"இங்கே விட்டுட்டுப் போ" என்றார்.
எத்தனை நாள் என்று கேட்கவில்லை.
பணம் கொடுத்தேன்.
இரண்டு ரொட்டியைத் தாளில் சுற்றித் தந்து
மீதிச் சில்லறையை எண்ணி வைத்தார்.

அவர் அவளைப் புரி என்று கூப்பிடுகிறார்.
அவர் மொழியில் ரொட்டி.

பெட்டியின் ஜிப் சத்தம் கேட்டாலே
மஞ்சள் வில்லை நிமிரும்.
ஆரம்பத்தில் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தாள்.
பிறகு பெட்டிக்குள்ளேயே, சட்டைகளின்மேல்.
பிறகு ஒருநாள்
என் சாம்பல்நிறக் காலுறை ஒன்றைக் கவ்விக்கொண்டு
கதவருகே போய் நின்றாள்.
அவளும் மூட்டை கட்டிவிட்டாள்.
அதன்பின் நான் அவளைக் கொண்டுபோய் விட்டதே இல்லை.
ஜிப் போட்டால் போதும்:
நூற்றுப் பதினான்கு படி, வாயில் காலுறை.
மூன்றாம் மாடி எத்தேரி எதிர்ப்பட்டுத் தலையைத் தடவி
"பயணமா?" என்பாள்,
என்னையல்ல.

போன வாரம் பனிப்புயல், வேலை ரத்து,
இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டேன்.
வழக்கமாய்ப் பெட்டியைக் காலி செய்துவிட்டு
மறுநாள் காலைதான் அவளை அழைத்து வருவேன்.
அன்றைக்குப் பொறுக்கவில்லை.
நேராக ரொட்டிக்கடை வாசல்.
பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கீழே
முதுகெல்லாம் மாவு,
நாலு காலும் நாலு திசையில் போட்டுத் தூங்கினாள்.
என் வீட்டில் சுருண்டுதான் தூங்குவாள்.
கூப்பிட வாயெடுத்தேன்.
எந்தப் பெயர் சொல்லி?

அவளே மோப்பம் பிடித்து எழுந்தாள்.
என் கறுப்புக் கோட்டில் வெள்ளைப் பாதங்கள்,
அழுகை மாதிரி ஒரு குரல்;
அதைக் கேட்க ஒரு கண்டத்தைத் தாண்டி வரலாம்.
பையில் காசிருந்தும்
நானும் அவளோடு படியேறினேன்.

காலணியையும் ஒரு காலுறையையும் கழற்றியவள்
அதற்குள் ஞாபகம் வந்து,
அவளுக்கென்று வாங்கிய பிஸ்கட்டை எடுக்கப்
பெட்டியைத் திறந்தேன்.

ஜிப்.

திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் ஒன்றுதான்.
வடம் முனகுவதைக் கேட்டே சம்பளம் வாங்கும் காதுக்கு
இத்தனை வருஷம் இது உறைக்கவில்லை.

வால் நின்றது.
கோபமில்லை, வருத்தமும் இல்லை,
ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவள் முகம்.
அறை முழுக்கக் காலுறையைத் தேடினாள்.
அது கீழே, மாவு மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
சற்றுக் குழம்பி,
நான் கழற்றிப் போட்ட, இன்னும் சூடாறாத
மற்றதைக் கவ்விக்கொண்டு
கதவருகே போய்த்
திரும்பிப் பார்த்தாள்:

திறந்துவிடேன், நேரமாகிறது.